தாய் மசாஜை நமக்கு நாமே பண்ணிக்கறது எப்படி? பாதத்துல இருந்து கழுத்து வரைக்கும் முழு வழிகாட்டி

தாய் மசாஜ்னு சொன்னாலே நம்ம ஊர்ல நிறைய பேர் ஒரு மாதிரி சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, ஏன்னா தாய்லாந்துல அது வைத்தியம், தரையில மெத்தை விரிச்சு, தொளதொளன்னு பருத்தி பேன்ட் சட்டை குடுத்து, எண்ணெய் ஒரு சொட்டு இல்லாம, கட்டைவிரல், உள்ளங்கை, முழங்கை, முட்டி, பாதம்னு எல்லாத்தையும் வச்சு அழுத்தி, கடைசில கை காலை இழுத்து மடக்கி விடுவாங்க. அங்க அதுக்குப் பேரு நுவட் தாய். 2019ல யுனெஸ்கோ இதை மனித குலத்தோட பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்துச்சு.

பாங்காக்ல வாட் போ கோயில்னு ஒண்ணு இருக்கு, 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கற புத்தரைப் பார்க்கத்தான் எல்லாரும் போவாங்க. ஆனா அந்த வளாகத்துலயே ஒரு மண்டபத்துச் சுவர்ல மனுஷ உடம்பு வரைஞ்ச கல்வெட்டுகள் இருக்கும், எங்க அழுத்தினா எந்த வலி போகும்னு கோடு போட்டுக் காட்டியிருப்பாங்க. 1832ல மூணாம் ராமா மன்னர் செய்ய ஆரம்பிச்ச வேலை அது. அதுவரைக்கும் குருகிட்ட இருந்து சிஷ்யனுக்குன்னு போயிட்டிருந்த வைத்தியத்தை, படிக்கத் தெரிஞ்ச யார் வேணா வந்து பார்த்துக்கட்டும்னு கல்லுல வெட்டி வச்சாரு. பக்கத்துலயே சின்னச் சின்ன பாறைக் குன்றுங்க மேல ரிஷி சிலைகள் இருக்கும், ஒருத்தர் காலை நீட்டிப் பிடிச்சிருப்பார், ஒருத்தர் முழங்கையை இழுத்துட்டிருப்பார். ரூசி தத் தொன்னு சொல்வாங்க, ரிஷிங்க தங்களைத் தாங்களே வளைச்சுக்கற முறை. என்னைக் கேட்டா தாய் மசாஜ்ல நமக்கு ரொம்ப உபயோகமான பகுதி இதுதான், மாசத்துக்கு ஒரு தடவை கடைல போய்ப் படுக்கறதை விட தினமும் 20 நிமிஷம் நாமே பண்ணிக்கறது உடம்புல நிக்கும். அதனால இந்த வழிகாட்டி முழுக்க அந்த 20 நிமிஷத்தைப் பத்தித்தான், கடைக்குப் போறதைப் பத்திக் கடைசில கொஞ்சம் சொல்றேன்.

யார் யார் பண்ணக் கூடாது

இதைத் தாண்டிட்டுக் கீழ போகாதீங்க ப்ளீஸ். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா, கெண்டைக்கால் வலிச்சுதுன்னா அதை அழுத்தவே கூடாது, ரத்தக்கட்டி இருக்கலாம், அழுத்தினா அது நகர்ந்து நுரையீரலுக்குப் போற ஆபத்து இருக்கு, நேரா டாக்டர்கிட்ட போங்க, குறிப்பா நீண்ட பயணமோ ஆபரேஷனோ முடிஞ்ச கொஞ்ச நாள்ல இப்படி ஆச்சுன்னா. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, எலும்பு தேய்மானம் உள்ளவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, சமீபத்துல எலும்பு முறிஞ்சவங்க எல்லாரும் டாக்டரைக் கேட்டுட்டுத்தான் தொடங்கணும். காய்ச்சல் இருந்தா அன்னிக்கு வேண்டாம். வெரிகோஸ் வெயின், அதாவது கால்ல சுருண்டு வீங்கின ரத்தக் குழாய், புடைச்சிருக்கற இடத்தை விட்டுடுங்க. முதுகு வலியோட கால்ல மரத்துப் போறது, பலம் குறையறது, ஒண்ணுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு போறதுன்னு இருந்தா அது மசாஜ்ல சரியாகற விஷயமே இல்ல, அன்னிக்கே ஆஸ்பத்திரி.

சுகர் இருக்கறவங்களுக்குத் தனியா சொல்லணும். பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருந்தா எவ்வளவு அழுத்தறோம்னே தெரியாது, அதனால காலுக்கு அடியில டென்னிஸ் பால் உருட்டறது, கட்டைவிரல்ல அழுத்தறது எல்லாம் வேண்டாம், கையால மென்மையா தடவி விடுங்க, அப்படியே விரல் இடுக்குல புண்ணு கிண்ணு இருக்கான்னு பார்த்துடுங்க.

அழுத்தற முறை

தாய் மசாஜ்ல பலம் கையில இருந்து வராது, உடம்பு வெயிட்ல இருந்துதான் வரும். கையை நேரா வச்சு, கட்டைவிரலோட நுனியால இல்லாம சதைப்பகுதியால, மூச்சை விட்டுக்கிட்டே மெதுவா சாஞ்சு அழுத்தணும், 3ல இருந்து 5 செகண்ட் நிக்கணும், அப்புறம் மெதுவா எடுக்கணும். டக்குனு குத்தவும் கூடாது டக்குனு எடுக்கவும் கூடாது. வலி 10க்கு 5, 6 இருந்தா போதும், மூச்சைப் பிடிச்சுக்கற அளவுக்கு வலிச்சா சதை இன்னும் இறுகிடும், பண்ணதே வேஸ்ட். எலும்பு மேல நேரா அழுத்தாதீங்க, முட்டிக்குப் பின்னாடி குழியில அழுத்தாதீங்க, எங்கயாவது நாடி துடிக்கறது தெரிஞ்சா அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போங்க.

அவங்க இந்த அழுத்தற பாதைங்களை சென்னு சொல்வாங்க, முக்கியமானது 10. அதுல சுமனா, இத்தா, பிங்கலான்னு மூணு வரும், நம்ம சித்தர்கள் சொல்ற சுழுமுனை, இடகலை, பிங்கலைங்கற மூணு நாடி தெரிஞ்சவங்களுக்கு இது எங்க இருந்து போயிருக்கும்னு சொல்லவே வேண்டாம். தாய் மசாஜ் பண்றவங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கும்பிடற குருவும் ஜீவகர்தான், மகத நாட்டுல புத்தருக்கு வைத்தியம் பார்த்தவர். உடம்பை அறுத்துப் பார்த்தா இந்தப் பாதைங்க கண்ணுக்குத் தெரியாது, ஆனா நிறைய இடத்துல ரெண்டு சதைக்கு நடுவுல இருக்கற பள்ளத்துலயே அந்தக் கோடு போகுது, அழுத்தினா அங்கதான் இதமா இருக்கு, எனக்கு அது போதும்.

தேவையான சாமான்: ஒரு பாய் இல்ல ஜமுக்காளம், ரெண்டு டென்னிஸ் பால், ஒரு பழைய சாக்ஸ், ஒரு துண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழிச்சுப் பண்ணுங்க.

படி 1: பாதம்

எப்பவும் கால்ல இருந்துதான் தொடங்கறது, தாய்லாந்துல படுத்தவுடனே முதல்ல கை வைக்கறது பாதத்துலதான். உட்கார்ந்து வலது கணுக்காலை இடது தொடை மேல போட்டுக்கங்க. குதிகாலுக்கு முன்னாடி பாதத்து நடுவுல ஒரு இடத்துல தொடங்கி ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கோடுன்னு அஞ்சு கோடு இருக்கறதா நினைச்சுக்கங்க, ஒவ்வொரு கோட்டுலயும் மூணு நாலு இடத்துல நிறுத்தி அழுத்திக்கிட்டே விரல் வரைக்கும் போங்க. அப்புறம் ஒவ்வொரு விரலையும் பிடிச்சு மெதுவா இழுத்து விடுங்க, சொடக்கு வரணும்னு அவசியமே இல்ல. கை விரலைக் கால் விரல் இடுக்குல கோர்த்து கணுக்காலை ரெண்டு பக்கமும் சுத்துங்க.

காலைல எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால்ல சுருக்குனு குத்துதா? அப்போ கட்டில்ல இருந்து இறங்கறதுக்கு முன்னாடியே கால் விரல்களை உங்க பக்கமா இழுத்து 20, 30 செகண்ட் பிடிச்சு ஒரு நாலஞ்சு தடவை பண்ணிட்டு இறங்குங்க. பகல்ல சேர்ல உட்கார்ந்துக்கிட்டே காலுக்கு அடியில சப்பாத்திக் கட்டையோ டென்னிஸ் பாலோ போட்டு உருட்டலாம். இந்த வலி சீக்கிரம் போகாது, வாரக்கணக்குல ஆகும், விட்டுடாம பண்ணணும், வெறுங்கால்ல டைல்ஸ் தரைல நிக்கறதையும் குறைக்கணும்.

படி 2: கெண்டைக்கால்

முட்டியை மடக்கி பாதத்தைத் தரையில வச்சு உட்காருங்க. ரெண்டு கையாலயும் கெண்டைக்காலைப் பின்னாடி இருந்து பிடிச்சு, விரல்களால சதையை நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் பிரிச்சு விடற மாதிரி அழுத்தி, கணுக்கால்ல இருந்து மேல வாங்க, முட்டிக் குழிக்கு நாலு விரல் கீழயே நிறுத்திடுங்க. முன்னங்கால் எலும்புக்கு வெளிப்பக்கம் ஒரு சதை ஓடும், நிறைய நடக்கறவங்க, மாடிப்படி ஏறி இறங்கறவங்களுக்கு அங்க அழுத்தினா ஒரு இன்பமான வலி வரும், அங்க கொஞ்ச நேரம் அதிகமா இருங்க. முடிச்சுட்டு சுவத்தைப் பிடிச்சு ஒரு காலைப் பின்னாடி வச்சு குதிகால் தரையை விட்டு எழும்பாம முன்னாடி சாயுங்க, 30 செகண்ட், ரெண்டு காலும்.

படி 3: தொடையும் இடுப்பும்

நாள் முழுக்க சேர்ல உட்காருறவங்களுக்கு முதுகு வலிக்குதுன்னா பல சமயம் இறுக்கம் இடுப்புல இருக்கும். உட்காரும்போது தொடையோட முன்பக்கச் சதை சுருங்கியே இருக்கு, எழுந்து நிக்கும்போது அது இடுப்பை முன்னாடி இழுக்குது, கீழ் முதுகு வளைஞ்சு வலிக்குது. அதனால முதுகைப் பிசையறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க: ஒரு முட்டியைத் தரையில ஊன்றி (கீழ தலகாணி வச்சுக்கங்க) இன்னொரு காலை முன்னாடி மடக்கி வச்சு, பின்புறத்தை இறுக்கிக்கிட்டு இடுப்பை மெதுவா முன்னாடி தள்ளுங்க. பின்னாடி இருக்கற காலோட தொடை மேல்பக்கம் இழுக்கணும். முதுகை வளைச்சா அது ஏமாத்து வேலை, முதுகு நேரா இருக்கணும். 30 செகண்ட், ரெண்டு பக்கம்.

அடுத்து மல்லாக்கப் படுத்து ரெண்டு முட்டியையும் மடக்கி, வலது கணுக்காலை இடது முட்டி மேல போட்டு, இடது தொடைக்குப் பின்னாடி கை கோர்த்து நெஞ்சுப் பக்கம் இழுங்க. உட்காருற இடத்துச் சதை நல்லா இழுபடும். இதே சதைக்கு டென்னிஸ் பாலும் நல்லது, சுவத்துக்கும் உங்களுக்கும் நடுவுல பாலை வச்சு சாய்ஞ்சு, வலிக்கற புள்ளி கிடைச்சதும் நகராம அங்கயே அஞ்சாறு மூச்சு நில்லுங்க. காலுக்குள்ள கரண்ட் அடிக்கற மாதிரி இறங்குச்சுன்னா பாலை உடனே தள்ளி வைங்க, நரம்பு மேல இருக்கீங்கன்னு அர்த்தம்.

படி 4: முதுகு

ரெண்டு டென்னிஸ் பாலையும் சாக்ஸுக்குள்ள போட்டு முடிச்சுப் போட்டுடுங்க. முதுகுத்தண்டு ரெண்டு பாலுக்கும் நடுவுல வர்ற மாதிரி வச்சு சுவத்துல சாயுங்க, தண்டு மேல எதுவும் படக்கூடாது. முட்டியைக் கொஞ்சம் கொஞ்சமா மடக்கி நீட்டி பாலை மேல கீழ நகர்த்துங்க, தோள்பட்டை எலும்புங்களுக்கு நடுவுல நிறைய நேரம் குடுங்க. தரையில படுத்துப் பண்ணா அழுத்தம் ரொம்ப ஜாஸ்தி, பழகின அப்புறம் பார்த்துக்கலாம்.

பிறகு துண்டைச் சுருட்டி தோள்பட்டை மட்டத்துல குறுக்கா வச்சு மல்லாக்கப் படுத்து, கையை ரெண்டு பக்கமும் விரிச்சு ரெண்டு நிமிஷம் சும்மா மூச்சு விடுங்க. கூன் போட்டு உட்கார்ந்த நாளுக்கு இதைவிட நல்ல மருந்து இல்ல.

படி 5: தோளும் கழுத்தும்

போன் பார்க்கறது, லேப்டாப், பைக் ஓட்டறது, அடுப்படில குனிஞ்சு நிக்கறது, எல்லா பாரமும் கடைசில இங்கதான் வந்து சேருது. தலை மட்டும் கிட்டத்தட்ட 5 கிலோ இருக்கும், அது தோளுக்கு நேர் மேல இருந்தா எலும்பு தாங்கும், முன்னாடி போகப் போக பிடரிச் சதை தாங்கணும்.

இடது கையால வலது தோளையும் கழுத்தையும் இணைக்கற அந்த மொத்தமான சதையைக் கொத்தா பிடிங்க. பிடிச்சுக்கிட்டே தலையை மெதுவா இடது பக்கம் சாய்ங்க, மூச்சை வெளிய விடுங்க, அப்புறம் பிடியை விடுங்க. கொஞ்சம் நகர்ந்து திரும்பப் பிடிங்க. கழுத்துல இருந்து தோள் முனை வரைக்கும் மூணு நாலு இடம். அடுத்து ரெண்டு கட்டைவிரலையும் மண்டை ஓடு முடியற இடத்துல, பிடரிக்கு ரெண்டு பக்கமும் இருக்கற குழியில வச்சு, தலையைப் பின்னாடி அந்த விரல் மேலயே சாய விடுங்க, விரல் அழுத்த வேண்டாம், தலை வெயிட்டே அழுத்தும். கண்ணை மூடி 30 செகண்ட். இறுக்கத்துனால வர்ற தலைவலி நிறைய பேருக்கு இங்கயே பாதி இறங்கிடும்.

கடைசியா தாடையைப் பின்னாடி இழுக்கற பயிற்சி: நேரா பார்த்துக்கிட்டே, குனியாம நிமிராம, தாடையை மட்டும் உள்ள தள்ளுங்க, ரெட்டைத் தாடை தெரியணும், 5 செகண்ட், 10 தடவை. ட்ராஃபிக் சிக்னல்ல கூட பண்ணலாம்.

கழுத்தோட முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் அழுத்தவே அழுத்தாதீங்க, மூளைக்குப் போற பெரிய ரத்தக் குழாய் அங்கதான் ஓடுது. அப்புறம் நம்ம சலூன்ல முடி வெட்டி முடிச்சதும் தலையைப் பிடிச்சு படக்குனு ரெண்டு பக்கமும் திருப்பி சொடக்கு எடுப்பாங்களே, அதை இனிமே வேண்டாம்னு சொல்லிடுங்க. வேகமாத் திருப்பும்போது கழுத்துக்குள்ள போற ரத்தக் குழாயோட உள்சுவர் கிழிஞ்சு பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவத்துல பதிவாகியிருக்கு. எப்பவோ ஒண்ணு நடக்கறதுதான், ஆனா ஒரு சொடக்குக்காக அந்த ரிஸ்க் எதுக்கு? தாய்லாந்து கடைலயும் கழுத்தைத் திருப்ப வந்தா இதையே சொல்லுங்க.

படி 6: ரிஷிங்களோட நாலு பயிற்சி

தாய்லாந்து சுகாதார அமைச்சகம் ரூசி தத் தொன்ல 15 அடிப்படைப் பயிற்சிகளைத் தேர்ந்தெடுத்து மக்களுக்குச் சொல்லிக் குடுக்குது. எல்லாத்தையும் ஒரே நாள்ல கத்துக்க வேண்டாம், இந்த நாலு போதும். இழுக்கும்போது மூச்சை உள்ள எடுத்து, ரெண்டு மூணு செகண்ட் நிறுத்தி, தளர்த்தும்போது விடணும், ஒவ்வொண்ணும் அஞ்சு தடவை. பிபி இருக்கறவங்க மூச்சை நிறுத்தாதீங்க, சும்மா இயல்பா விட்டுக்கிட்டே பண்ணுங்க.

முதல்ல சோம்பல் முறிக்கறது, பேரே அதான். சம்மணம் போட்டு உட்கார்ந்து விரல்களைக் கோர்த்து உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பி இடது பக்கம் நீட்டுங்க, வலது பக்கம், முன்பக்கம், தலைக்கு மேல, கடைசில கோர்த்த கையைத் தலை மேல வச்சு அழுத்தி விடுங்க.

ரெண்டாவது வைர மோதிரத்தைக் காட்டற பயிற்சி. கீபோர்ட், மவுஸ், தையல் மெஷின், மாவு பிசையறதுன்னு கையால வேலை பண்ற எல்லாருக்கும் இதைச் சொல்லுவேன். கையைத் தோள் மட்டத்துல முன்னாடி நீட்டி உள்ளங்கையை 'நில்லு'ன்னு காட்டற மாதிரி தூக்கி, இன்னொரு கையால அந்த நாலு விரலையும் உங்க பக்கம் மெதுவா இழுங்க, அப்புறம் மணிக்கட்டைக் கீழ மடக்கி எதிர்ப்பக்கம் இழுங்க, முடிவுல சுண்டுவிரல்ல இருந்து ஒவ்வொரு விரலா மடக்கி விரிங்க. இதுக்கு முன்னாடி முழங்கைக்குக் கீழ இருக்கற சதையை இன்னொரு கையோட கட்டைவிரலால மணிக்கட்டு வரைக்கும் அழுத்திட்டு வந்தா பலன் ரெண்டு மடங்கு.

மூணாவது முழங்கையை இழுக்கறது: ஒரு கையைத் தூக்கி மடக்கி உள்ளங்கையைப் பின்கழுத்துக்குக் கீழ வச்சு, இன்னொரு கையால முழங்கையைப் பிடிச்சு தலைக்குப் பின்னாடி இழுங்க. நாலாவது வில்: ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, அதே பக்கத்துக் கையை அந்தக் கால் கட்டைவிரலை நோக்கி நீட்டி, இன்னொரு கையை முஷ்டி மடக்கி நாண் இழுக்கற மாதிரி தாடை மட்டத்துல பின்னாடி இழுங்க, நெஞ்சு விரியணும். கால் விரல் எட்டலைன்னா பரவால்ல, முட்டியைத் தொட்டாலும் போதும்.

மத்த நேரம்

20 நிமிஷம் பண்ணிட்டு பத்து மணி நேரம் கூன் போட்டா ஒண்ணும் நடக்காது. ஸ்கிரீனோட மேல் விளிம்பு கண் மட்டத்துல, முழங்கை சுமார் 90 டிகிரி, பாதம் முழுசா தரையில, லேப்டாப்னா கீழ நாலு புக் வச்சு கீபோர்டைத் தனியா வாங்கிடுங்க. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருங்க, தண்ணி குடிக்கப் போறதே போதும். ரொம்ப சரியான ஒரு போஸ்ல ஆடாம அசையாம உட்காரறதை விட அடிக்கடி மாத்தி மாத்தி உட்காரறதுதான் உடம்புக்குப் பிடிக்கும், தரையில உட்கார்ந்து சாப்பிடறதையும் முட்டி ஒத்துழைக்கற வரைக்கும் விட்டுடாதீங்க.

கடைக்குப் போனா

பாங்காக், சியாங் மாய் போறவங்களுக்கு: தாய்லாந்துல மசாஜ் பண்றவங்க குறைஞ்சது 150 மணி நேரப் பயிற்சி முடிச்சுப் பதிவு பண்ணியிருக்கணும், அந்தச் சான்றிதழைக் கடைலயே மாட்டியிருப்பாங்க, பாருங்க. வாட் போலயே 1955ல தொடங்கின பள்ளிக்கூடம் இருக்கு, அங்கயும் மசாஜ் பண்ணிக்கலாம். முதல் தடவைனா ஒரு மணி நேரம் போதும், உடம்புல இருக்கற பிரச்சனையை முன்னாடியே சொல்லிடுங்க. வலிச்சா 'ஜெப்'னு சொல்லணும், மெதுவா பண்ணச் சொல்ல 'பாவ் பாவ்', ஆம்பளைங்க கடைசில 'க்ராப்'னும் பொம்பளைங்க 'கா'ன்னும் சேர்த்துக்கிட்டா மரியாதை. பணம் குடுத்துட்டோமேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாங்காதீங்க. தொடை இடுக்குல ரத்த ஓட்டத்தை அழுத்தி நிறுத்தி விடற ஒரு முறை இருக்கு, ஹார்ட், பிபி பிரச்சனை உள்ளவங்க அதை வேண்டாம்னு சொல்லிடுங்க. முடிச்ச மறுநாள் லேசா உடம்பு வலிக்கறது சகஜம், மூணு நாளைக்கு மேல இருந்தாதான் யோசிக்கணும்.

மூலிகை ஒத்தடம்

இதை அங்க லுக் ப்ரகோப்னு சொல்வாங்க, அவங்க பிளாய்னு ஒரு இஞ்சி வகையைப் போடுவாங்க, இங்க அது சுலபமா கிடைக்காது, பச்சை மஞ்சளும் இஞ்சியும் வச்சே பண்ணிக்கலாம். ரெண்டையும் தட்டி, லெமன்கிராஸ், எலுமிச்சைத் தோல், ஒரு பிடி புளிய இலை, ஒரு ஸ்பூன் கல் உப்பு சேர்த்து வெள்ளைப் பருத்தித் துணில இறுக்கி மூட்டை கட்டுங்க. இட்லி பாத்திரத்துல 10ல இருந்து 15 நிமிஷம் ஆவில வச்சு எடுத்து, முதல்ல உங்க முன்கையில வச்சு சூடு பார்த்துட்டு, தோள், முதுகு, கெண்டைக்கால்னு ஒத்தி ஒத்தி எடுங்க, ஆறினதும் அழுத்தி உருட்டலாம். மஞ்சள் கறை போகாது, பழைய துணி போட்டுக்கங்க. புதுசா அடிபட்டு வீங்கின இடத்துல, புண் மேல, உணர்ச்சி குறைஞ்ச கால்ல சூட்டோட வைக்கக் கூடாது. மூட்டையைக் காய வச்சு டப்பால போட்டு பிரிட்ஜ்ல வச்சா இன்னும் ரெண்டு மூணு நாள் திரும்ப ஆவி காட்டி உபயோகிக்கலாம், புளிச்ச வாசனை வந்தா தூக்கிப் போட்டுடுங்க.